கோமோ எஸ்தாஸ்? ஸ்பானிஷில் நலம் விசாரிக்க ஒரு தமிழ் வழி

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் நான் குடியிருந்த தெருமுனையில், காலை ஏழு மணிக்கெல்லாம் ஓர் அம்மா தமால் பானையோடு வந்து உட்கார்ந்துவிடுவார். மக்காச்சோள மாவுக்குள் கறியோ மிளகாய்ச் சாந்தோ வைத்து, கதிரின் மட்டையிலேயே பொதிந்து ஆவியில் வேகவைப்பதுதான் தமால். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மூன்று மாத வகுப்பில் "கோமோ எஸ்தாஸ்?", "எஸ்தோய் பியென்" என்று உருப்போட்டு, அந்த இரண்டு வரி தந்த தெம்பில் விமானம் ஏறியவள் நான். முதல் நாள் அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்: "கோமோ அமனெசியோ, குவெரீத்தா?"

புத்தகத்தில் இல்லாத கேள்வி. பேந்தப் பேந்த விழித்து, விரலைக் காட்டி இரண்டு தமால் வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். மாலையில் விசாரித்தபோதுதான் புரிந்தது. "எப்படி விடிந்தீர்கள், வெள்ளைப் பொண்ணே?" என்று கேட்டிருக்கிறார். (என் நிறத்துக்கும் அந்த விளிப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மெக்சிகோ சந்தைகளில் சாமான் வாங்க வரும் பெண்கள் எல்லோருமே குவெரீத்தாதான்.) பொழுது நல்லபடியாக விடிந்ததா, தூங்கி எழுந்தது சுகமா என்கிற விசாரிப்பு அது. எங்கள் ஆச்சி கேட்டிருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும்.

நம்மில் பெரும்பாலோர் ஸ்பானிஷை ஆங்கிலத்தின் வழியாகக் கற்கிறோம். பாடநூல் ஆங்கிலம், செயலி ஆங்கிலம், ஆசிரியர் விளக்குவதும் ஆங்கிலம். நலம் விசாரிப்பு விஷயத்தில் அது சுற்று வழி. போகிற வழியில் நான்கைந்து பள்ளங்களும் உண்டு. தமிழிலிருந்து நேரே போனால் பாதி இலக்கணம் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பதுதான் என்று தெரியும். இந்தக் கட்டுரையை அந்த வழியிலேயே எழுதியிருக்கிறேன். ஸ்பானிஷ் 20 நாடுகளின் அரசு மொழி, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பேச்சு உண்டு. அதனால் எங்கும் செல்லுபடியாகும் வரிகளை முதலில் பிடிப்போம். ஊர் வழக்குகள் பிறகு.

முதலில் வாய் பழகட்டும்

ஸ்பானிஷின் 'த' நம் 'த' போலவே பல்லில் நாக்கு தொட்டு வருவது. ஆங்கிலேயர்கள் காற்றைத் தள்ளி 'ட்ஹ' என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் சிரமம் நமக்கு இல்லை. அதைவிடப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. தமிழில் 'தாத்தா' என்பதன் முதல் 'தா' கடினம், 'அது' என்பதன் 'து' மென்மை. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ஸ்பானிஷில் இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் மெய்களும் இப்படித்தான் குழைகின்றன. 'எல்லாம்' என்ற பொருளுடைய "தோதோ"வைத் தமிழ் எழுத்தில் படித்தபடியே சொல்லுங்கள், சரியாக இருக்கும். 'நண்பன்' என்ற "அமிகோ"வும் அப்படியே. நடுவில் கடினமாக ஒலிக்கவேண்டிய இடத்தில் இரட்டித்து எழுதியிருக்கிறேன்: 'இங்கே' என்பதற்கு "அக்கீ".

நமக்குச் சிக்கல் மூன்று இடங்களில் வரும். சொல்லின் தொடக்கத்தில் வரும் மென்மை ஒலிகள் முதலாவது. "பியென்" என்பதன் 'பி' 'பிடி'யில் வரும் 'பி' இல்லை, 'பிஸ்கட்'டில் வரும் 'பி'. அதேபோல "தியாஸ்" என்பதில் 'தினம்' என்பதன் 'தி'. இரண்டாவது, ஸ்பானிஷில் 'வ' தனியாக இல்லை. தொடக்கத்தில் வந்தால் 'ப', நடுவில் வந்தால் உதடுகள் உரசியும் உரசாமலும் ஒரு 'வ'. இதில் ஒரு வேடிக்கை: 'போகிறேன்' என்பதற்கு அவர்கள் சொல் "போய்".

மூன்றாவதுதான் முக்கியம்: அழுத்தம். "எஸ்தா" என்று கடைசி எழுத்தை அழுத்தினால் 'இருக்கிறார்'. முதல் எழுத்தை அழுத்தி "எஸ்த" என்று இறங்கினால் 'இந்த'. உங்கள் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பவரிடம் "மி பப்பா எஸ்தா பியென்" என்று கடைசிப் 'பா'வில் ஏறிச் சொல்லவேண்டும். முதலில் அழுத்திவிட்டால் "என் உருளைக்கிழங்கு நலம்" என்று ஆகிவிடும். நான் சொல்லியிருக்கிறேன். கிழங்குக்கும் சேர்த்து விசாரித்தார்கள்.

'இரு'வும் 'நில்'லும்

"கோமோ" என்றால் 'எப்படி'. "எஸ்தாஸ்" என்றால் 'இருக்கிறாய்'. "கோமோ எஸ்தாஸ்?" என்பது சொல்லுக்குச் சொல் 'எப்படி இருக்கிறாய்?'தான். 'நீ' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, வினையின் வாலே ஆளைக் காட்டிவிடும். இருக்கேன், இருக்க, இருக்கார் என்று நாம் மாற்றுவதுபோல எஸ்தோய், எஸ்தாஸ், எஸ்தா. 'நல்லா இருக்கேன்' என்பது "எஸ்தோய் பியென்". ஆங்கில வழியில் வருகிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "யோ, யோ" என்று 'நான்' சேர்ப்பார்கள். கேட்பவர் காதில் அது 'நான் நல்லா இருக்கேன், மத்தவங்க எப்படியோ' என்ற தொனியில் விழும்.

ஸ்பானிஷில் 'இரு' என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு: செர், எஸ்தார். புதியவர்களை அலைக்கழிக்கும் இடம் இது. நிரந்தரமென்றால் செர், தற்காலிகமென்றால் எஸ்தார் என்று பாடநூல்கள் சொல்லித்தரும். அந்தச் சூத்திரத்தை நம்பாதீர்கள். இறந்துபோனவரைக் குறிக்க அவர்கள் எஸ்தாரைத்தான் போடுகிறார்கள். சாவைவிட நிரந்தரம் எது?

எனக்குத் தெளிவு தந்தது சொல்லின் வேர். எஸ்தார், லத்தீனில் 'நிற்பது' என்ற பொருளுள்ள ஸ்தாரே என்பதிலிருந்து வந்தது. நாம் சமஸ்கிருதத்தின் வழி அறிந்த ஸ்தலம், ஸ்தாபனம் எல்லாம் அதே குடும்பத்து உறவுகள். தமிழிலும் 'நில்' என்பதிலிருந்துதானே 'நிலை'யும் 'நிலைமை'யும் வருகின்றன? ஒருவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்றால் எஸ்தார். அவர் யார், எப்படிப்பட்டவர் என்றால் செர். அந்தச் செர் வினையின் ஒரு பகுதி, 'உட்காருவது' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்து கலந்தது. நம் 'இரு'வுக்கும் உட்காருவது என்ற பொருள் உண்டு. 'இருக்கை', 'இருங்க, காபி கொண்டுவரேன்' எல்லாம் அதுதான். ஆக நாம் 'எப்படி உட்கார்ந்திருக்கிறாய்' என்று கேட்கிறோம், அவர்கள் 'எப்படி நிற்கிறாய்' என்று கேட்கிறார்கள்.

நடைமுறையில் இதன் விளைவு: "கோமோ எரெஸ்?" என்று செர் வினையில் கேட்டால் 'நீ எப்படிப்பட்ட ஆள்?' என்று பொருள். நலம் விசாரிப்பு ஆகாது.

யாரிடம் கேட்கிறோம்?

'நீ', 'நீங்கள்' பேதத்தோடு வளர்ந்தவர்களுக்கு இது சுலபம். 'நீ' என்பதற்குத் "தூ", மரியாதைக்கு "உஸ்தெத்". மரியாதை வடிவில் கேள்வி "கோமோ எஸ்தா உஸ்தெத்?" என்று வரும், பல சமயம் "கோமோ எஸ்தா?" என்பதோடு நின்றுவிடும். கவனியுங்கள், இங்கே வினை படர்க்கை. 'எப்படி இருக்கார்?' என்கிற அதே வடிவம்.

எதிரே நிற்பவரிடம் ஏன் படர்க்கை? "உஸ்தெத்" என்பது 'தங்கள் கருணை' என்ற பொருளுள்ள "புவெஸ்த்ரா மெர்செத்" தேய்ந்து தேய்ந்து வந்த சொல். 'தங்கள் கருணை நலமா இருக்கிறதா?' என்ற கேள்வியின் மிச்சம் அது. ஐயாவின் முகத்தைப் பார்த்தே 'ஐயா சாப்பிட்டாரா?' என்று கேட்கும் பழக்கம் நம் ஊரிலும் உண்டே, அதே பணிவு.

எங்கே எது என்பதுதான் ஊருக்கு ஊர் மாறும். ஸ்பெயினில் கடைக்காரர், சக ஊழியர், நண்பரின் அம்மா எல்லோரும் பெரும்பாலும் தூ. மிக வயதானவர், நீதிமன்றம், அரசு அலுவலகம் என்றால் உஸ்தெத். மெக்சிகோவில் வயதில் மூத்தவர், முன்பின் தெரியாதவர் எல்லோருக்கும் உஸ்தெத் போடுவது நல்லது. கொலம்பியாவின் பொகோத்தாவில் நெருங்கிய நண்பர்களும் கணவன் மனைவியும்கூட உஸ்தெத் போட்டுப் பேசிக்கொள்வார்கள்; கோஸ்தா ரிக்காவில் குழந்தைகளிடமும் அப்படி. அங்கே அது தூரமே இல்லை. கொங்கு நாட்டில் குழந்தையைக்கூட 'வாங்க, போங்க' என்று கொஞ்சுவார்களே, அந்த மாதிரி.

அர்ஜென்டினா, உருகுவே பக்கம் போனால் பெரும்பாலும் தூ கிடையாது, "வோஸ்". கேள்வி அதே "கோமோ எஸ்தாஸ்?"தான். திருப்பிக் கேட்கும்போது மட்டும் "இ வோஸ்?" என்பார்கள். பலரைச் சேர்த்து விசாரிக்க லத்தீன் அமெரிக்கா முழுவதும் "கோமோ எஸ்தான்?", ஸ்பெயினில் நண்பர் கூட்டத்திடம் "கோமோ எஸ்தாயிஸ்?".

சந்தேகம் வந்தால் உஸ்தெத்தில் தொடங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் அவர்களே "தூ போட்டுப் பேசு" என்பார்கள். தூவில் தொடங்கிவிட்டுப் பிறகு மரியாதைக்கு ஏறுவதுதான் சங்கடம்.

கேட்பது

வணக்கம் சொல்லாமல் நேரே நலம் கேட்பது முரட்டுத்தனமாகப் படும். முதலில் "ஓலா". அல்லது காலையில் "புவெனோஸ் தியாஸ்", மதியத்துக்குமேல் "புவெனாஸ் தார்தெஸ்", இருட்டிய பிறகு "புவெனாஸ் நோச்செஸ்". கடைசியாகச் சொன்னது ஆங்கில 'குட் நைட்' போல விடைபெற மட்டும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒரு வீட்டுக்குள் நுழையும்போதும் அதைத்தான் சொல்கிறோம். ஸ்பெயினில் மதியச் சாப்பாடே இரண்டு மணிக்குமேல் என்பதால் ஒன்றரை மணிக்கும் "புவெனோஸ் தியாஸ்" கேட்கும். நேரக் குழப்பமே வேண்டாம் என்றால் வெறும் "புவெனாஸ்", எந்த வேளைக்கும்.

பிறகு கேள்வி. "கே தால்?" மிகச் சுருக்கமானது, எங்கும் செல்லும், தூவா உஸ்தெத்தா என்ற கவலையே இல்லை. புதியவர்கள் இதைத்தான் முதலில் பழகவேண்டும் என்பது என் கட்சி. இதன் வாலில் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம்: "கே தால் எல் வியாஹே?" என்றால் 'பயணம் எப்படி?', "கே தால் லா கொமீதா?" என்றால் 'சாப்பாடு எப்படி?'. படிக்கட்டில் எதிரெதிரே கடக்கும்போது ஒருவர் "ஓலா, கே தால்?" என்பார், மற்றவரும் "ஓலா, கே தால்?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். இருவருமே பதில் சொல்லவில்லை, இருவருக்குமே குறையில்லை. ஆரம்பத்தில் நான் நின்று விளக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், அவர்கள் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்தது "கோமோ தே வா?". இதுதான் தமிழர்களுக்கென்றே செய்தது போன்ற கேள்வி. "தே" என்றால் 'உனக்கு', "வா" என்றால் 'போகிறது'. 'உனக்கு எப்படிப் போகுது?' அவ்வளவே. பதிலிலும் அதே வேற்றுமை ஓடும். 'எனக்கு நல்லாப் போகுது, உனக்கு?' என்பதுபோல "பியென், இ அ தீ?". "எஸ்தாஸ்" வைத்துக் கேட்டால் திருப்பிக் கேட்பது "இ தூ?". "தே வா" வைத்துக் கேட்டால் "இ அ தீ?". மரியாதைக்கு "கோமோ லே வா?", "இ அ உஸ்தெத்?". நாம் 'உனக்கு' என்ற கேள்விக்கு 'நீ?' என்றா திருப்பிக் கேட்போம்? வாய் தானாகவே சரியானதைத் தேர்ந்துகொள்ளும்.

"கோமோ ஆந்தாஸ்?" ('எப்படி நடக்கிறாய்?'), "தோதோ பியென்?" ('எல்லாம் நல்லபடியா?') இரண்டும் நெருக்கமானவர்களிடம். பின்னதில் கேள்வியும் பதிலும் ஒரே சொற்கள். குரல் ஏறினால் கேள்வி, இறங்கினால் பதில். நமக்கு இருக்கும் 'ஆ' விகுதி அவர்களுக்கு இல்லை.

எழுதும்போது வாக்கியத் தொடக்கத்தில் ¿ என்ற தலைகீழ்க் கேள்விக்குறி வரும். ஸ்பானிஷ் அகாதெமி 1754இல் வெளியிட்ட எழுத்திலக்கணத்தில் அதைப் பரிந்துரைத்தது. இன்று கைபேசியில் அரட்டை அடிப்பவர்களில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அலுவலக மின்னஞ்சலில் விடாதீர்கள். அங்கே நலம் விசாரிப்பே வேறு மாதிரி: "எஸ்பெரோ கே சே என்குவென்த்ரே பியென்", அதாவது 'தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்'. நம் பழைய கடிதங்களின் 'நலம், நலமறிய ஆவல்' நினைவுக்கு வரும்.

பதில் சொல்வது

பாதுகாப்பான பதில் "பியென், க்ராசியாஸ்". 'நல்லா இருக்கேன், நன்றி'. ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனி பல்லிடையில் வந்து "க்ராத்தியாஸ்" என்று ஒலிக்கும். உடனே "இ தூ?" அல்லது "இ உஸ்தெத்?". இந்தத் திருப்பிக் கேட்பதை விட்டுவிட்டால் பேச்சு அந்தரத்தில் தொங்கும். ஆனால் என் அம்மா வீடியோ அழைப்பில் இதைக் கேட்டுவிட்டு, "ஏண்டி, அவங்க எப்படி இருக்கேன்னு கேட்டா நீ 'தூ'ங்கற?" என்றார். தமிழ்க் காதுக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

"பியென்" மாறாது, ஆணும் பெண்ணும் கூட்டமும் எல்லோரும் பியென்தான், நம் 'நல்லா' போல. மற்றச் சொற்கள் பாலுக்கேற்ப மாறும். களைத்திருக்கிறேன் என்று ஆண் சொன்னால் "எஸ்தோய் கான்சாதோ", பெண் சொன்னால் "கான்சாதா". மகிழ்ச்சிக்குக் "கொன்தென்தோ, கொன்தென்தா". வேலையில் மூழ்கியிருந்தால் "ஒக்குப்பாதோ, ஒக்குப்பாதா".

நல்லா என்பதற்கு 'நல்ல' என்ற பெயரடையைப் போட்டு "எஸ்தோய் புவெனோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'நான் பார்க்க அம்சமா, கிறக்கமா இருக்கேன்' என்ற பொருள் வரும். (மெக்சிகோவில் போனை எடுத்ததும் "புவெனோ?" என்பார்கள். அது வேறு, அங்கே அதுதான் 'ஹலோ'.)

சுமாரான நாட்களுக்கான பதில்களில்தான் மொழியின் ருசி இருக்கிறது. பாடநூல்கள் எல்லாம் "அசீ அசீ" என்று சொல்லிக்கொடுக்கும். குவாதலஹாராவில் இருந்தவரை ஒருவர் வாயிலிருந்தும் நான் அதைக் கேட்டதில்லை. 'ஏதோ இருக்கேன்' என்பதற்கு உயிருள்ள பதில்கள் வேறு. "மாஸ் ஓ மெனோஸ்" என்று உள்ளங்கையைத் துடுப்புபோல ஆட்டிக்காட்டுவது ஒன்று. "அயீ வாமோஸ்", 'அப்படியே போய்க்கிட்டிருக்கோம்', இன்னொன்று. சொல்பவர் ஒருவராக இருந்தாலும் பன்மை. நாமும் 'ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கோம்' என்கிறோமே. ஸ்பெயினில் "திராந்தோ", அதாவது 'இழுத்துக்கிட்டிருக்கேன்'. நம் 'வண்டி ஓடுது'க்கு நேர்ச் சகோதரன். "நோ மே கேஹோ" என்றால் 'குறை ஒன்றும் சொல்வதற்கில்லை'. மெக்சிகோவில் "எச்சாந்தோலே கானாஸ்", 'மனசைப் போட்டு முயன்றுக்கிட்டிருக்கேன்'. கியூபாவில் "என் லா லூச்சா", 'போராட்டத்தில்'. வயதானவர்கள் எதைச் சொன்னாலும் கூடவே "க்ராசியாஸ் அ தியோஸ்" வரும். 'ஆண்டவன் புண்ணியத்துல' என்பதேதான்; பக்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாயில் ஒட்டிக்கொண்டது.

"ரெகுலார்" என்ற சொல்லில் ஜாக்கிரதை. ஆங்கிலப் பழக்கத்தில் 'வழக்கம்போல' என்று நினைத்துச் சொல்லிவிடுவோம். உண்மையில் அது 'அவ்வளவு சரியில்லை' என்று பொருள்படும், ஸ்பெயினில் இன்னும் ஒருபடி கீழே. கேட்டவர் முகம் மாறி, "கே தே பாசா?", 'என்ன ஆச்சு உனக்கு?' என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். அப்புறம் கவலையைக் கற்பனை செய்துதான் சொல்லவேண்டியிருக்கும்.

உடம்பு சரியில்லை என்றால்

ஒரு நாள் காய்ச்சலோடு அலுவலகத்துக்குப் போன் செய்து "சோய் மாலா" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு சிரிப்போடு, "யாருக்கு என்ன தீங்கு செய்தீர்கள்?" நான் சொன்னது 'நான் கெட்டவள்' என்று. மேலே சொன்ன செர், எஸ்தார் விவகாரம்தான். சொல்லியிருக்கவேண்டியது "எஸ்தோய் என்ஃபெர்மா" (ஆணானால் என்ஃபெர்மோ), அல்லது "மே சியென்தோ மால்", 'உடம்பு முடியலை'.

வலியைச் சொல்வது தமிழர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'எனக்குத் தலை வலிக்குது' என்பது "மே துவேலே லா கவேசா". "மே" என்றால் எனக்கு, "துவேலே" வலிக்குது, "லா கவேசா" தலை. என் தலை என்று அவர்களும் சொல்வதில்லை, நாமும் சொல்வதில்லை. 'எனக்கு' என்ற பிறகு தலை வேறு யாருடையதாக இருக்க முடியும்? பசி, குளிர், தூக்கம், காய்ச்சல் எல்லாவற்றையும் அவர்கள் 'வைத்திருப்பார்கள்': "தெங்கோ ஆம்ப்ரே" பசிக்குது, "தெங்கோ ஃபியெவ்ரே" காய்ச்சல் இருக்கு, "தெங்கோ கலோர்" வேர்க்குது, தாங்கலை. கடைசி வாக்கியத்தை ஆங்கில வழியில் கட்டி "எஸ்தோய் கலியென்தே" என்றால் காமப் பொருள் வந்துவிடும். அலுவலகத்தில் ஏசி நின்றுபோன நாளில் இதை நினைவில் வையுங்கள்.

ஆங்கிலத்தின் இன்னும் இரண்டு பொறிகள். ஸ்பெயினில் ஒருவர் "கொன்ஸ்திப்பாதோ" என்றால் அவருக்குச் சளி பிடித்திருக்கிறது. வயிற்றில் சிக்கல் எதுவும் இல்லை. ஒரு பெண் "எம்பராசாதா" என்றால் வெட்கப்படவில்லை, முழுகாமல் இருக்கிறாள், வாழ்த்துச் சொல்லுங்கள்.

நோயில் கிடக்கிறவர்களைப் பற்றிக் கேட்க "கோமோ எஸ்தா" போதாது. "கோமோ சீகே து மமா?" என்பார்கள். "சீகே" என்பது 'தொடர்கிறார்'; 'உன் அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?' என்பதில் வரும் அந்த 'இப்ப' முழுக்க இந்த வினையில் இருக்கிறது. போன தடவை சொன்னதை நான் மறக்கவில்லை என்று காட்டுகிற கேள்வி. முடிக்கும்போது "கே சே மெஹோரே", 'சீக்கிரம் தேறட்டும்'. துக்க வீட்டில் நலம் விசாரிப்பே வேண்டாம். "லோ சியென்தோ முச்சோ", 'ரொம்ப வருத்தமா இருக்கு'. அதோடு பேசாமல் நின்றால் போதும்.

ஊருக்கு ஊர்

இவையெல்லாம் கேட்டால் புரிந்துகொள்ள. நீங்களாகப் பேசுவதற்கு அவசரம் வேண்டாம். வந்த மறுநாளே 'இன்னா மாமே' என்று ஆரம்பிக்கும் வெளிநாட்டுக்காரரை நாம் எப்படிப் பார்ப்போம்?

மெக்சிகோ இளைஞர்கள் "கே ஓந்தா?" என்பார்கள், 'ஓந்தா' என்றால் அலை. கொலம்பியாவில் "கே மாஸ்?", அதாவது 'வேறென்ன?'. பேச்சே இன்னும் தொடங்கவில்லை, அதற்குள் வேறென்ன என்கிறாரே என்று குழம்பாதீர்கள், அங்கே அதுதான் தொடக்கம். டொமினிக்கன் குடியரசில் "கே லோ கே?". கியூபாவில் "கே வொலா?". 2016 மார்ச் 20 அன்று ஹவானாவில் இறங்கிய அமெரிக்க அதிபர் ஒபாமா, ட்விட்டரில் கியூபாவை விசாரித்தது இந்தச் சொல்லால்தான். ராஜதந்திரப் பாஷையை விட்டுத் தெருப் பாஷையில் கேட்டதால் பேசப்பட்டது. கோஸ்தா ரிக்காவில் "பூரா வீதா", 'தூய வாழ்வு'. கேள்வி, பதில், நன்றி, விடைபெறுதல் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். சிலியில் "எஸ்தாஸ்" என்பதே "எஸ்தாய்" ஆகிவிடும், அதையும் மின்னல் வேகத்தில் சொல்வார்கள்.

கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிடும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். ஸ்பெயினில் இரண்டு, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் ஒன்று. நாமாக முந்தவேண்டாம், எதிரில் இருப்பவர் முகத்தை நீட்டினால் நீட்டுங்கள், கையை நீட்டினால் கை கொடுங்கள். ஸ்பெயின் கணக்கை மெக்சிகோவில் போட்டால் இரண்டாவது முத்தம் காற்றில் போகும்.

ஒரு முழுப் பேச்சு

மாடிப்படியில் பக்கத்து வீட்டு மூதாட்டி எதிரே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனையில் இருக்கும் அவருடைய கணவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

"புவெனாஸ் தார்தெஸ், செஞோரா. கோமோ எஸ்தா?" (வணக்கம்மா. எப்படி இருக்கீங்க?)

"அயீ வாமோஸ், க்ராசியாஸ் அ தியோஸ். இ உஸ்தெத்?" (ஏதோ போகுது, ஆண்டவன் புண்ணியத்துல. நீங்க?)

"பியென், க்ராசியாஸ். கோமோ சீகே சு எஸ்போசோ?" (நல்லா இருக்கேங்க. ஐயாவுக்கு இப்ப எப்படி இருக்கு?)

"யா எஸ்தா மெஹோர்." (இப்ப தேவலை.)

"கே வுவெனோ! கே சே மெஹோரே ப்ரொந்தோ." (அப்பாடா, நல்லது! சீக்கிரம் குணமாகட்டும்.)

"க்ராசியாஸ், மிஹா. கே லே வாயா பியென்." (நன்றிம்மா. எல்லாம் நல்லபடியா அமையட்டும்.)

"இகுவால்மென்தே." (உங்களுக்கும்.)

இதில் விளக்கவேண்டிய சொல் ஒன்று: "மிஹா". 'என் மகளே' என்பது சுருங்கி வந்தது, ஆணானால் "மிஹோ". உஸ்தெத் போட்டுக்கொண்டே மகளே என்று அழைப்பதில் அங்கே முரண் எதுவும் இல்லை, நம் பெரியவர்கள் 'வாங்கம்மா' என்பதுபோலத்தான். "இகுவால்மென்தே" என்ற கடைசிச் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். யார் எந்த வாழ்த்தைச் சொல்லி என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்கும் இடத்தில் அது கைகொடுக்கும்.

தமால் அம்மாவுக்கு நான் மறுநாளே பதில் சொல்லிவிட்டேன். "பியென், க்ராசியாஸ் அ தியோஸ், இ உஸ்தெத்?" அவர் பானை மூடியைத் திறந்தபடியே முழங்கால் வலியில் ஆரம்பித்து, மருமகள், கேஸ் விலை என்று பத்து நிமிடம் பேசினார். எனக்குப் புரிந்தது முழங்கால் மட்டும்தான். "கே சே மெஹோரே" என்றேன். அன்றைக்குச் சிவப்பு மிளகாய்த் தமால் ஒன்று கூடுதலாக வந்தது.